ஆம்பிளை மாதிரி, பொம்பிளை மாதிரி நடக்கிறது வருத்தமோ? வன்னிக் கிளினிக்குகளில் எழுதப்படும் எஃப்64 பற்றி

#1 பாலியாறு

கிளிநொச்சியிலையோ முல்லைத்தீவிலையோ ஒரு பிள்ளையை உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால், கையில தாற கொப்பியில மருந்தின்ரை பேரும் அடுத்த திகதியும் இருக்கும். என்ன வருத்தம் எண்டு எழுதின கோவை கிளினிக்கிலேயே நிற்கும். அதுவும் ஆங்கிலத்தில, ஒரு எழுத்தும் இலக்கமுமாய். அதில எஃப்64.2 எண்டோ, எஃப்64.0 எண்டோ, எஃப்65.1 எண்டோ இருந்தால், அந்தப் பிள்ளையின்ரை நடை, உடை, தன்னைப் பற்றின உணர்வு ஒரு மனநோய் எண்டு அரசாங்கம் பதிஞ்சு வைச்சிருக்கு எண்டு அர்த்தம். கூட்டிக்கொண்டு போன தாய்க்கு அது தெரியாது.

அதை எப்பிடி எதிர்க்கிறது எண்டு இந்த இழையில கதைப்பம். வைத்தியரை ஏசுறதால ஒரு கோவையும் திருந்தாது. அவையின்ரை புத்தகத்தையே முன்னால வைச்சுக் கேட்டால் திருந்தும்.

புத்தகம் சொல்லுறது இது. உலக சுகாதார நிறுவனத்தின்ரை நோய் வகைப்பாட்டை ஐசிடி எண்டு சொல்லுவினம். அதின்ரை பத்தாவது பதிப்பு 1990இல ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில மனநோய்களுக்கு எஃப் எழுத்து. பால்நிலை அடையாளக் கோளாறு எண்ட எஃப்64 அதுக்குள்ளதான் கிடக்கு; அதில எஃப்64.2 பிள்ளையளுக்கானது. பதினோராவது பதிப்பை 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. 2022 ஜனவரி 1 தொடக்கம் நடைமுறை. அதில மனநோய் அத்தியாயத்தில இருந்து எஃப்64 முழுக்க எடுபட்டிட்டுது. அதுக்குப் பதிலாய் பதினேழாம் அத்தியாயத்தில, பாலியல் நலம் எண்ட தலைப்புக்குக் கீழ, பால்நிலை இசைவின்மை (பிறக்கேக்க பதிஞ்ச பாலும் தான் உணருற பால்நிலையும் ஒத்துவராமை) எண்டு ரெண்டு பதிவு: வளரிளம் பருவத்துக்கும் வளர்ந்த ஆக்களுக்கும் எச்ஏ60, பருவமடையாத பிள்ளையளுக்கு எச்ஏ61. ரெண்டிலையும் ஒரே வசனம் இருக்கு: பால்நிலை வழக்கத்துக்கு மாறான நடத்தையோ விருப்பமோ மட்டும் இந்த முடிவுக்கு அடிப்படை ஆகாது. உடுப்பு மாறிப் போடுறதைக் குறிச்ச எஃப்65.1 புதுப் பதிப்பிலேயே இல்லை.

ஆனபடியால் 2022க்குப் பிறகு ஒரு கோவையில எஃப்64 எண்டு எழுதினால், உலக சுகாதார நிறுவனம் கைவிட்ட ஒண்டைத்தான் எழுதியிருக்கினம். கேள்வியை இதில இருந்து தொடங்கலாம்.

#2 முறிகண்டி

அண்ணை சொல்லுறது விளங்குது. ஆனால் ஒரு கேள்வி இடிக்குது. எங்கடை திருநங்கையரும் திருநம்பிகளும் ஹோர்மோனுக்குப் போகேக்க முதல் கேட்கிறதே உளமருத்துவரின்ரை கடிதம். பிறப்பத்தாட்சியில பால் மாத்துறதுக்கும் அவரின்ரை கையெழுத்துத்தான் வேணும். அந்தப் பேரை நாங்களே வெட்டச் சொல்லிப்போட்டு, பிறகு எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது? கொழும்பில வசதி உள்ளவை தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவினம். மல்லாவியில, துணுக்காயில இருக்கிறவைக்கு அரசாங்கக் கிளினிக்கை விட்டால் வேற வழி இல்லை. எதிர்க்கிறதெண்டால் இதுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கோ.

#3 நந்திக்கடல்

முறிகண்டியின் கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் குழுவுக்கு முன்னாலும் இதே சிக்கல்தான் இருந்தது. முழுதாக நீக்கினால் சிகிச்சைக்கான வாசல் மூடிவிடும். மனநோய் அத்தியாயத்தில் விட்டால் களங்கம் தொடரும். அதனால்தான் வேறோர் அத்தியாயத்துக்கு மாற்றினார்கள். கர்ப்பம் நோய் இல்லை, ஆனாலும் கிளினிக், இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்கு உண்டு. அதைப் போலத்தான் எச்ஏ60 இருக்கிறது: சேவை கிடைக்கும், மனநோயாளி என்ற பெயர் வராது.

கிளினிக்கில் மூன்று விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்க வேண்டும். முதலாவது நோய் நிர்ணயம், அதாவது கோவையில் எழுதும் இலக்கம். இரண்டாவது மதிப்பீட்டுக் கடிதம்: இவர் தகவல் அறிந்து தானாகச் சம்மதிக்கக் கூடியவர், ஹோர்மோன் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அகஞ்சுரப்பியல் வைத்தியருக்கு எழுதுவது. மூன்றாவது, பிறப்பத்தாட்சியில் பாலை மாற்றுவதற்கான சட்டச் சான்றிதழ். கடிதத்துக்கும் சான்றிதழுக்கும் உளமருத்துவரின் கையொப்பம் இப்போதைக்குத் தேவைப்படுகிறது. அதற்காக முதலாவதில் மனநோய் இலக்கம் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. எச்ஏ60 என்று எழுதியும் அதே கடிதத்தைக் கொடுக்கலாம்.

திருநர் நலத்துக்கான உலகத் தொழில்வாண்மையாளர் சங்கம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட எட்டாவது வழிகாட்டியின்படி, ஹோர்மோன் தொடங்குவதற்கு முன் உளவளத்துணைக்குப் போயே ஆகவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மருத்துவ மதிப்பீடு உண்டு. ஆறு மாதம் வா, ஒரு வருடம் வா, பெண் உடுப்பில் ஊருக்குள் நடந்து காட்டு என்று கேட்பதெல்லாம் பழைய வழிகாட்டிகளின் எச்சம். புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ ஒருவர் ஒரு வருடம் அப்படி நடந்து காட்டுவது எவ்வளவு ஆபத்தான சோதனை என்று இங்கே உள்ள எவருக்கும் தெரியும். வேலை போகும், வீடு போகும், அடியும் விழும். அதைத் தாங்கினால்தான் கடிதம் என்று சொல்வது மருத்துவம் ஆகாது.

மருத்துவரின் முடிவே இல்லாமல் சட்டப் பெயரையும் பாலையும் மாற்றும் வழியை ஆர்ஜென்டீனா 2012இலும், டென்மார்க் 2014இலும், மால்டா 2015இலும் கொண்டுவந்தன. டென்மார்க் 2017 தொடக்கம் தன் மனநோய்ப் பட்டியலில் இருந்தும் இதை எடுத்துவிட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்: இலக்கம் இன்று மாற வேண்டும், சான்றிதழுக்கு உளமருத்துவர் காவல் நிற்கும் முறை நாளை மாற வேண்டும்.

#4 இரணைமடு

சான்றிதழ் விடயத்தை நான் எழுதுகிறேன். ஊரில் பலர் அரைகுறைத் தகவலோடு அலைகிறார்கள்.

2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் அதன்படி வழங்கப்படுகிறது. கையொப்பமிடுபவர் ஆலோசக உளமருத்துவராக இருக்க வேண்டும். உளநல வைத்திய அதிகாரி கவனித்துக்கொண்டிருந்தாலும் அவருடைய கையொப்பம் அந்தப் படிவத்துக்குப் போதாது; இதில்தான் முதல் அலைச்சல். ஆகவே முதல் நாளே கேளுங்கள்: ஆலோசகர் இந்த வைத்தியசாலைக்கு எந்தக் கிழமை, எந்த நாளில் வருகிறார்?

படிவத்தில் ஹோர்மோன் சிகிச்சை, சத்திரசிகிச்சை பற்றிய வரிகள் உண்டு. எந்தக் கட்டத்தில் கையொப்பமிடலாம் என்பதை வைத்தியருக்கு வைத்தியர் வேறு விதமாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் சத்திரசிகிச்சை முடியட்டும் என்பார், இன்னொருவர் ஹோர்மோன் தொடங்கியதும் இடுவார். மறுத்தால், எந்த வரியின் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அதே 2016இல் பதிவாளர் நாயகமும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். சான்றிதழை வைத்துப் பிறப்புப் பதிவைத் திருத்துவது அதன்படிதான். திருத்திய பிறப்பத்தாட்சி கிடைத்த பிறகு கிராம அலுவலர், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம் என்று அடையாள அட்டைக்குப் போகலாம். ஒழுங்கை மாற்றிப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

அடையாள அட்டையில் பெயரும் படமும் மட்டும் மாறினால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பால் இருக்கிறது. பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பவை. பெண்ணாகப் பதிந்தால் அதோடு 500 கூட்டப்படும். 045 என்றால் ஆண், பெப்ரவரி 14. 545 என்றால் அதே நாள் பிறந்த பெண். பழைய ஒன்பது இலக்க அட்டைக்கும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டைக்கும் இது பொருந்தும். ஆகவே பழைய இலக்கம் ஒட்டியிருக்கும் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, சாரதி அனுமதிப்பத்திரம், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலிடுங்கள். வன்னியில் முக்கியமாகக் காணி உத்தரவுப் பத்திரம். பின்னுரித்தாளியாக, அதாவது பெற்றோருக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, பழைய பெயரும் பழைய இலக்கமும் கிடந்தால், பெற்றோர் இறந்த பிறகு காணிக் கந்தோரில் சகோதரங்களே ஆட்சேபிக்கலாம். உத்தரவுப் பத்திரம் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பதிவைத் திருத்துவது நல்லது.

#5 ஒட்டுசுட்டான்

நான் எதிர்க்கக் கதைக்கேல்லை, ஆனால் ஒண்டு கேட்கத்தான் வேணும். சில பேருக்கு உண்மையாகவே மனவருத்தம் இருக்கு. குரல் கேட்குது எண்டுவினம், தன்னை அம்மன் எண்டுவினம். அவைக்குப் போய் இது வருத்தம் இல்லை, விடுங்கோ எண்டு சொன்னால், வைத்தியம் கிடைக்க வேண்டின ஆளுக்கு வைத்தியம் கிடைக்காமல் போகுமெல்லோ? சண்டைக்குப் பிறகு இந்த மண்ணில மனவருத்தம் இல்லாத குடும்பம் குறைவு. அதை மறந்து கதைக்கப்படாது.

#6 நந்திக்கடல்

கேட்க வேண்டிய கேள்வி. மறைக்க எதுவும் இல்லை.

மனப்பிறழ்வின்போது தன் உடல் மாறுகிறது, பால் மாறுகிறது என்ற மாயநம்பிக்கை சிலருக்கு வருவது உண்டு. அது அரிது, தனியாக வருவதும் இல்லை. குரல் கேட்டல், யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயம், பேச்சின் தொடர்பு அறுதல், நித்திரை குழம்புதல் ஆகியவை கூடவே இருக்கும். கிழமைகளிலோ மாதங்களிலோ தொடங்கியிருக்கும். மருந்தால் மற்ற அறிகுறிகள் தணியும்போது அந்த நம்பிக்கையும் சேர்ந்து தணியும். திருநர் ஒருவரின் உணர்வு பெரும்பாலும் ஆண்டுக்கணக்காக நீடித்து நிற்கும்; மற்றச் சிந்தனை, வேலை, கணக்கு வழக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். தன் உடல் எப்படி இருக்கிறது என்பதில் அவருக்கு எந்த மயக்கமும் இருக்காது. அந்த உடல் தனக்கு ஒவ்வாமல் இருப்பதைத்தான் சொல்கிறார்.

திருநர் ஒருவருக்கு மனச்சோர்வோ நெருக்கீட்டுப் பின்விளைவோ வரலாம். அப்போது எழுத வேண்டியது எஃப்32 அல்லது எஃப்43.1. அதற்கு உரிய சிகிச்சையைக் கொடுக்க வேண்டும். மனச்சோர்வு குறைந்தால் பால்நிலையும் "சரியாகிவிடும்" என்று காத்திருப்பதுதான் தவறு. அதேபோல் மனச்சோர்வு முற்றாகப் போனால்தான் ஹோர்மோன் என்று வருடக்கணக்கில் இழுப்பதும் தவறு; பல வேளைகளில் அந்தச் சோர்வுக்கே காரணம் தடைபட்டிருக்கும் அந்தச் சிகிச்சையும் வீட்டாரின் அடியும்தான். ஐசிடியின் புதிய பதிப்புக்காக மெக்சிகோ நகரில் 250 திருநரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. அவர்களின் துன்பத்தையும் செயற்குறைவையும் முன்கணித்தவை பெரும்பாலும் சமூக நிராகரிப்பும் வன்முறையும். பால்நிலை இசைவின்மை தன்னளவில் அப்படி முன்கணிக்கவில்லை. மனநோய் அத்தியாயத்தில் இருந்து எடுத்ததற்கு அந்த முடிவு பெரிய ஆதாரம்.

#7 தண்ணிமுறிப்பு

மருந்து பற்றி எழுத வேணும். தவறான பேர் எழுதினால் தவறான மருந்தும் கூட வரும்.

பால்நிலை உணர்வை மாத்துற மாத்திரை உலகத்தில இல்லை. ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் மூண்டும் மனப்பிறழ்வுக்கான மருந்து. மனப்பிறழ்வு இல்லாத ஆளுக்குக் கொடுத்தால் மிஞ்சிறது பக்கவிளைவு மட்டும். ஹலோபெரிடோலால கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண்மணி மேல செருகும், இருக்க ஏலாமல் கால் பதைக்கும். அதைப் பார்த்து "பேய் உக்கிரமாகுது" எண்டு பூசாரியாரிட்டைக் கூட்டிக்கொண்டு போற வீடுகளும் உண்டு. அது மருந்தின்ரை வேலை. பென்செக்சோல் மாதிரி மாற்று மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு, உடனே போகவேணும். ஒலான்சபினால நிறை ஏறும், இரத்தத்தில சீனி ஏறும்.

ரிஸ்பெரிடோனைத் தனியாய்ச் சொல்ல வேணும். அது புரோலக்டின் எண்ட ஹோர்மோனை ஏத்தும். மார்பு வீங்கும், பால் கசியும், மாதவிடாய் குழம்பும். ஏற்கெனவே தன்ரை மார்பைப் பார்க்க ஏலாமல் துடிக்கிற ஒரு திருநம்பிக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. துன்பம் கூடும். கூடின துன்பத்தைப் பார்த்து மருந்தின்ரை அளவைக் கூட்டுவினம். நிறுத்த வேண்டியது அந்தச் சுழலை.

ஆனால் ஒருத்தரும் இதை வாசிச்சிட்டு இண்டைக்கே மாத்திரையை எறியாதேங்கோ. சடுதியாய் விட்டால் நித்திரை போகும், சத்தி வரும், உடம்பு தானாய் அசையிற கோளாறு வரும். உண்மையில மனப்பிறழ்வு இருந்திருந்தால் அது திரும்பவும் வரும். மாதக்கணக்கில படிப்படியாய்க் குறைக்க வேணும், வைத்தியருக்குச் சொல்லி. ஊசி போட்டிருந்தால் அது இன்னும் மெல்லத்தான் இறங்கும். ஃப்ளூஃபெனசின் ஊசி ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு ஒருக்கால் போடுறது, கடைசி ஊசிக்குப் பிறகும் கனகாலம் உடம்பில நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மருந்து எந்த அறிகுறிக்கு? அந்த அறிகுறி எப்ப பார்க்கப்பட்டது?" மறுமொழியில ஆண்தன்மை, பெண்தன்மை எண்ட சொல்லைத் தவிர வேற அறிகுறி வரேல்லையெண்டால் வேறொரு உளமருத்துவரிட்டை ரெண்டாவது கருத்துக் கேளுங்கோ.

இன்னொண்டு. கடிதம் தராமல் இழுத்தடிக்கிறதால கருத்தடை மாத்திரையை நாலு ஐஞ்சாய் விழுங்கிற திருநங்கையர் இருக்கினம். அதில இருக்கிறது எத்தினைல் எஸ்ட்ரடையோல். அளவு கூடினால் காலில இரத்தம் கட்டி, அது சுவாசப்பைக்கு ஏறி உயிரையும் எடுக்கும். புகைக்கிறவைக்கு ஆபத்து இன்னும் கூட. கெண்டைக்கால் ஒண்டு மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு இழுத்தால், மருந்து எடுத்ததை மறைக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவில சொல்லுங்கோ. கிளினிக்கில கிடைக்கிற எஸ்ட்ரடையோல் வேற மருந்து, இரத்தப் பரிசோதனையோட குடுக்கிறது. கடிதத்தை இழுத்தடிக்கிறவை இந்த விலையையும் கணக்கில எடுக்க வேணும்.

#8 முறிகண்டி

மறுமொழிகளுக்கு நன்றி. பிள்ளையள் விசயத்துக்கு வாறன், என்ரை அக்கறை அங்கைதான்.

பள்ளிக்கூடத்தில இருந்து வாற கடிதங்களில ஒரே மாதிரி வசனம்: "பெண்பிள்ளைகளுடன் மட்டும் பழகுகிறான்", "நடையில் பெண்தன்மை", "தலைமயிரைக் கட்டையாக வெட்டியுள்ளாள், கிரிக்கெட் மட்டும் விளையாடுகிறாள்". இதை வைச்சு எஃப்64.2 எழுதினால் அது பழைய பத்தாவது பதிப்பின்படியே பிழை. அதின்ரை விளக்கத்தில தெளிவாய் இருக்கு: பெண்பிள்ளை பெடியன் மாதிரித் திரியிறதோ ஆண்பிள்ளை பெண்தன்மையாய் நடக்கிறதோ மட்டும் போதாது. அதோட அது பருவமடையிறதுக்கு நல்லா முன்னமே வெளிப்பட்டிருக்க வேணும். பதினாலு வயதில திடீரெண்டு ரீச்சரின்ரை கண்ணில பட்டதுக்கு அந்த இலக்கம் பொருந்தாது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின்ரை கையேடும் இதே பாடத்தைப் பிந்தித்தான் படிச்சது. 1994ஆம் ஆண்டு நாலாவது பதிப்பில பிள்ளையளுக்கு ஐஞ்சு அறிகுறி, நாலு இருந்தால் காணும். மற்றப் பாலாய் இருக்க வேணும் எண்ட விருப்பம் அந்த ஐஞ்சில ஒண்டு மட்டும். அப்ப உடுப்பு, பாவனை விளையாட்டு, விளையாட்டுச் சாமான், கூட்டாளிமார் எண்ட மற்ற நாலும் காணுமாய் இருந்தது. மல்லுக்கட்டி விளையாடப் பிடிக்காத பெடியனும் அந்த வலைக்குள்ள விழுவான். 2013இல ஐஞ்சாவது பதிப்பில எட்டில ஆறு வேணும் எண்டும், அந்த விருப்பம் கட்டாயம் இருக்க வேணும் எண்டும் மாத்தினவை.

முல்லைத்தீவில கோவலன் கூத்தில கண்ணகிக்கும் மாதவிக்கும் ஆம்பிளையள்தான் காலங்காலமாய் வேடம் கட்டினவை. விடிய விடிய சனம் இருந்து பார்த்தது, ஒருத்தரும் அதை வருத்தம் எண்டு சொல்லேல்லை. அதே ஊரில வகுப்பில மெல்லிசாய்க் கதைக்கிற பெடியனைக் கிளினிக்குக்கு அனுப்பினம்.

நந்திக்கடல், ஒரு கேள்வி. அடி வாங்கி, பள்ளிக்கூடம் போக மாட்டன் எண்டு நிற்கிற பிள்ளைக்கு உதவி வேணும்தானே. எஃப் எழுத்து இல்லாமல் என்னத்தை எழுதிறது?

#9 நந்திக்கடல்

இசட் இலக்கங்கள் இருக்கின்றன, பழைய பதிப்பிலேயே. நோய் இல்லாமலும் சேவை தேவைப்படும் காரணங்களைக் குறிக்கவே அந்த அத்தியாயம். சமூகத்தால் ஒதுக்கப்படுவதற்கு இசட்60.4. பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் இலக்காவதற்கு இசட்60.5. ஆசிரியரோடும் சக மாணவரோடும் பிணக்கு என்றால் இசட்55.4. இப்படி எழுதும்போது பிரச்சினை எங்கே இருக்கிறதோ அங்கேயே பதிவாகிறது. பாடசாலைக்குத் திருப்பி எழுதும் கடிதமும் "துன்புறுத்தலை நிறுத்துங்கள்" என்று மாறுகிறது. எஃப்64.2 எழுதிய கோவையில் இருந்து "பிள்ளையைத் திருத்துங்கள்" என்ற கடிதம்தான் போகும். சமூக ஆதரவு அலுவலர்களும் உளவளத்துணையாளர்களும் இந்த மூன்று இலக்கங்களைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி வேலை முடியும்.

#10 வற்றாப்பளை

இன்னொரு கூட்டம் இந்த இழையில் விடுபட்டுப் போகிறது. 2009இல் போர் முடிந்த பிறகு வீடு திரும்பிய பெண்கள். கட்டைத் தலைமயிர், நீளக் காற்சட்டை, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், திருமணம் வேண்டாம் என்ற முடிவு. இவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் தங்களைப் பெண்கள் என்றே சொல்பவர்கள். ஆனால் உறவினர் கூட்டி வரும்போது முறைப்பாடு இதுதான்: "பொம்பிளை மாதிரி இல்லை."

இங்கே இரண்டு பிழை நடக்கக்கூடும். ஒன்று, தோற்றத்தைப் பார்த்துப் பால்நிலைக் கோளாறு என்று எழுதுவது. மற்றது, பழைய பதிப்பில் பேரிடருக்குப் பின்னான நிலையான ஆளுமை மாற்றம் என்று இருந்த எஃப்62.0ஐ எழுதுவது. அதற்கு உலகின் மேல் பகைமையும் அவநம்பிக்கையும், சமூகத்தில் இருந்து விலகல், வெறுமை, எப்போதும் ஆபத்து நெருங்குகிறது என்ற உணர்வு ஆகியவை இரண்டு ஆண்டுகளாவது நிலைத்திருக்க வேண்டும். மயிரை வளர்க்க மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கலியாணத்துக்கு மறுப்பதும் இல்லை. தோட்டம் செய்து, தாயையும் தங்கையின் பிள்ளைகளையும் பார்க்கும் ஒருவர் சமூகத்தில் இருந்து விலகியவரா?

அவர்களிடம் கேட்க வேண்டியது: கனவில் திரும்ப வருகிறதா, வெடிச்சத்தத்துக்கு உடல் எப்படி நடுங்குகிறது, முள்ளிவாய்க்கால் பக்கம் போக முடிகிறதா, நித்திரை எத்தனை மணித்தியாலம், சன்னத் துண்டு உடலில் இன்னும் இருக்கிறதா, நோகிறதா. இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. உடுப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இருக்கும் பத்து நிமிடத்தில் இந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் போகின்றன. பெயர் தவறாக வைப்பதன் உண்மையான சேதம் இதுதான்: இருக்கும் காயம் தெரியாமல் போகிறது.

#11 பாலியாறு

வற்றாப்பளை அக்கா எழுதினதை எல்லா உளசமூகப் பணியாளரும் வாசிக்க வேணும்.

சரித்திரத்தில இது புதுசும் இல்லை. 1851இல அமெரிக்காவில ஒரு வைத்தியர், அடிமைகள் தப்பி ஓடுறதை ஒரு மனநோய் எண்டு பேர் வைச்சு எழுதினவர். ஒருபாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்ரை பட்டியலில இருந்து எடுத்தது 1973 டிசெம்பரில. எதிர்த்தவை அடுத்த வருசம் அங்கத்தவர் வாக்கெடுப்பு வைச்சும் 58 வீதம் நீக்கத்தைத்தான் ஆதரிச்சது. உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990 மே 17. ஒவ்வொரு முறையும் வெளியில நிண்டு கேட்ட சனமும், உள்ளுக்குள்ள இருந்து ஆதாரம் வைச்ச வைத்தியர்மாரும் சேர்ந்துதான் மாத்தினவை. இலங்கை உளமருத்துவர் கல்லூரியும் 2021இல ஒருபாலீர்ப்பு மனநோய் இல்லை எண்டு பகிரங்கமாய்ச் சொல்லியிருக்கு. ஆனபடியால் கிளினிக்கில எங்களுக்கு ஆதரவான வைத்தியர்மார் இருப்பினம், அவையைத் தேடிப் பிடியுங்கோ.

இந்தியாவில ஒரு படி மேல போட்டினம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில, சமூகத்தின்ரை ஒழுக்க, பண்பாட்டு, மத வழக்கத்துக்கு ஒத்துப்போகேல்லை எண்டதை வைச்சு மனநோய் எண்டு தீர்மானிக்கப்படாது எண்டு எழுதியிருக்கு. 2021 ஜூனில சென்னை உயர் நீதிமன்றம் "மாத்திற" சிகிச்சையைத் தடுக்கச் சொன்னது. 2022இல தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு எண்டு அறிவிச்சது. எங்களிட்டை இருக்கிறது 1873ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டம்.

இரணைமடு, கோவையைத் திருத்திற வழியை எழுதுங்கோ.

#12 இரணைமடு

முதலில் கோவையின் பிரதி கையில் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். மருத்துவப் பதிவுகள் அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் விலக்கப்பட்டவை. ஆனால் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம். ஆகவே விண்ணப்பத்தோடு "என் மருத்துவப் பதிவை எனக்கு வெளிப்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று ஒப்பமிட்ட ஒரு தாளை இணையுங்கள். அது இல்லாததால்தான் பல விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்காமல் வெளியே வர வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பிரதி வந்ததும் உளமருத்துவருக்குக் கடிதம். அதிலும் தீராவிட்டால் வவுனியாவில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம். இங்கே நாட்களைக் கவனியுங்கள். அடிப்படை உரிமை மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. பிந்திப் போனால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டாயப்படுத்தி மருந்து ஏற்றியது, உடலைத் தேவையில்லாமல் பரிசோதித்தது போன்ற தொழில் ஒழுக்க விடயங்கள் இலங்கை மருத்துவச் சபைக்குப் போக வேண்டும்.

#13 ஒட்டுசுட்டான்

எனக்கு இப்ப கனக்க விளங்கியிருக்கு. ஒரு விசயத்தில மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. எச்ஏ61, சின்னப் பிள்ளையளுக்கான பதிவு. பருவமடையாத பிள்ளைக்கு ஹோர்மோனும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. அப்ப ஏன் அதுக்கு ஒரு இலக்கம்? மனநோய் அத்தியாயத்தில இல்லாட்டிலும் பேர் பேர்தானே.

#14 முறிகண்டி

நானும் ஒட்டுசுட்டான் பக்கம். பல நாட்டுத் திருநர் அமைப்புகளும் இதையே சொல்லித்தான் அந்தப் பதிவை எதிர்த்தவை. பிள்ளைக்கு வேண்டியது பாதுகாப்பு, அதுக்கு இசட் இலக்கம் காணும்.

#15 நந்திக்கடல்

என் கருத்துச் சற்று வேறு. ரெண்டு வருடம் நீடிக்க வேண்டும், நடத்தை மட்டும் போதாது என்ற வரையறையோடு ஒரு பதிவு இருந்தால், பிள்ளையையும் பெற்றோரையும் தொடர்ந்து சந்திக்க வைத்தியருக்கு ஒரு இடம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பருவமடையும் வரை எவரும் பார்க்காமல், அதன் பிறகு நெருக்கடியில்தான் வருவார்கள். ஆனால் பாடசாலைக் கடிதத்தைப் பார்த்து அவசரமாக எச்ஏ61 எழுதும் ஒரு கிளினிக்கில் அது எஃப்64.2இன் வேலையைத்தான் செய்யும் என்பதை மறுக்கவில்லை. இதில் நாங்கள் மூவரும் வேறுபட்டே இருக்கலாம்.

இரணைமடு சொன்ன கடிதத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன், தேவைக்கு மாற்றுங்கள்:

"எனது கோவையில் ... திகதியில் எஃப்64.. எனப் பதியப்பட்டுள்ளது. ஐசிடி பதினோராவது பதிப்பில் இது மனநோய் அத்தியாயத்தில் இல்லை. பால்நிலை வழக்கத்துக்கு மாறான நடத்தை மட்டும் நோய் நிர்ணயத்துக்கு அடிப்படை ஆகாது என்றும் அதில் உள்ளது. ஆகவே (1) அந்தப் பதிவை மீளாய்வு செய்து, பொருந்துமாயின் எச்ஏ60 எனவோ, பொருந்தாவிடின் நோய் நிர்ணயம் இல்லை எனவோ திகதியிட்டுத் திருத்தக் குறிப்பு இடவும். (2) தற்போது தரப்படும் மருந்து எந்த அறிகுறிக்கானது என எழுத்தில் அறியத்தரவும். (3) இந்தத் திருத்தம் எனது ஹோர்மோன் சிகிச்சைப் பரிந்துரையையோ பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் விண்ணப்பத்தையோ பாதிக்காது என உறுதிப்படுத்தவும்."

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். முறிகண்டி முதலில் கேட்ட சிக்கல் அங்கேதான் தீர்கிறது. பழைய பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், மருத்துவப் பதிவை அழிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று அதையே சாட்டாக வைத்து முழுக் கடிதத்தையும் மறுப்பார்கள். திருத்தக் குறிப்பு என்று கேட்டால் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்று கோவைக்கு, மற்றதில் பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் வாங்கி நீங்கள் வைத்திருங்கள்.